பிரிட்டனில் பிள்ளைப் பராமரிப்புத் தொகை: வருமானம் குறைந்ததைச் சொல்லத் தாமதித்தால் யாருக்கு இழப்பு?

பிரிட்டனில் மணமுறிவுக்குப் பின்னரோ பிரிவுக்குப் பின்னரோ பிள்ளைகளுக்காகப் பணம் செலுத்திவரும் ஒருவரின் வருமானம் குறைந்துவிட்டால், அவர் செலுத்தவேண்டிய தொகை தானாகக் குறைந்துவிடுவதில்லை. அதை அவர் உரிய அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காமல் பழைய தொகையையே மாதக்கணக்கில் செலுத்திவந்தால், கூடுதலாகப் போன பணம் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் திரும்பி வராது.

இதில் பலரை வியப்பில் ஆழ்த்தும் செய்தி ஒன்று உண்டு. அப்படிப் போன பணம் சட்டத்தின் பார்வையில் கூடுதல் பணமே அல்ல என்பதுதான் அது.

பிள்ளைகள் தாயோடு வாழ, தந்தை பணம் செலுத்துவதே பெரும்பான்மையான வழக்கம். ஆனால் தாய் பணம் செலுத்த, தந்தை பெற்றுக்கொள்ளும் குடும்பங்களும் உள்ளன. விதிகள் இருவருக்கும் ஒன்றுதான்.

நீதிமன்றம் அல்ல, சூத்திரம்

தமிழகத்தில் ஜீவனாம்சம் என்றும், இலங்கையில் தாபரிப்புப் பணம் என்றும் வழங்கும் ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு பிரிட்டனின் முறையை அணுகுபவர்கள் முதலிலேயே தடுமாறுகிறார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் நீதவான் ஒரு தொகையை நிர்ணயிக்கிறார். அதை மாற்றவேண்டுமென்றால் மீண்டும் நீதிமன்றத்தை நாடவேண்டும். இலங்கையில் 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் இது நடக்கிறது. பராமரிப்பு வழக்கில் மனைவிக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே தொகை கேட்கப்படுவதும் உண்டு.

பிரிட்டனில் பிள்ளைக்கான தொகையும் வாழ்க்கைத் துணைக்கான தொகையும் முற்றிலும் வேறானவை. பெற்றோர் தமக்குள் உடன்பாடு காணாத நிலையில், பிள்ளைக்கான தொகையைப் பெரும்பாலும் நீதிமன்றம் நிர்ணயிப்பதில்லை. வேலை மற்றும் ஓய்வூதியத் துறையின்கீழ் இயங்கும் சைல்ட் மெயின்டனன்ஸ் சர்வீஸ் என்ற பிள்ளைப் பராமரிப்புச் சேவை ஒரு சூத்திரத்தின்படி அதைக் கணக்கிடுகிறது. வட அயர்லாந்தில் இதற்கெனத் தனி அலுவலகம் உண்டு. விதிகள் ஏறத்தாழ ஒன்றே.

இந்த ஏற்பாட்டின் வேர் 1991ஆம் ஆண்டின் பிள்ளை ஆதரவுச் சட்டத்தில் இருக்கிறது. அச்சட்டத்தின்கீழ் 1993 ஏப்ரலில் சைல்ட் சப்போர்ட் ஏஜென்ஸி செயல்படத் தொடங்கியது. தவறான கணக்குகள், தேங்கிய கோப்புகள், வசூலிக்கப்படாத நிலுவைகள் என்று அந்த அமைப்பு நெடுங்காலம் கண்டனத்துக்கு உள்ளானது. 2003இல் சூத்திரம் எளிமையாக்கப்பட்டது. அதுவும் போதாதென்று 2012 டிசம்பரில் புதிய திட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இன்றுள்ளது அந்தத் திட்டம்தான்.

எந்த வருமானம் கணக்கில் வருகிறது?

பழைய முறையில் கையில் வரும் நிகர வருமானம் கணக்கில் எடுக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டின் திட்டம் வரிக்கு முந்தைய மொத்த வருமானத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த எண்ணைச் செலுத்துபவரிடம் அலுவலகம் கேட்பதில்லை. வருவாய் மற்றும் சுங்கத் துறையிடமிருந்து, கிடைக்கக்கூடிய மிக அண்மைய வரியாண்டின் விவரத்தை நேரடியாகப் பெற்றுக்கொள்கிறது. ஒவ்வோராண்டும் ஒரு குறிப்பிட்ட நாளில் அந்த விவரம் புதுப்பிக்கப்பட்டு, புதிய தொகை அறிவிக்கப்படும்.

வார வருமானம் 200 பவுண்டுகள் முதல் 800 பவுண்டுகள் வரை இருந்தால், ஒரு பிள்ளைக்கு 12 சதவீதமும், இரு பிள்ளைகளுக்கு 16 சதவீதமும், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 19 சதவீதமும் செலுத்தவேண்டும். 800 பவுண்டுகளுக்கு மேற்பட்ட பகுதிக்கு, வாரம் 3,000 பவுண்டுகள் வரை, இந்த விகிதங்கள் முறையே 9, 12, 15 சதவீதமாகக் குறைகின்றன. அரசின் உதவித்தொகைகள் பலவற்றில் ஒன்றைப் பெறுபவர்களும், வார வருமானம் 100 பவுண்டுகளோ அதற்குக் குறைவாகவோ உள்ளவர்களும் வாரத்துக்கு 7 பவுண்டுகள் என்ற ஒரே அளவில் செலுத்துகிறார்கள்.

பிள்ளை ஆண்டில் 52 இரவுகளோ அதற்கு மேலோ செலுத்துபவரின் வீட்டில் தங்கினால் தொகை குறையும். அவரோடு வேறு பிள்ளைகள் வாழ்ந்தாலும் குறையும். ஓய்வூதிய நிதிக்குச் செலுத்தும் பணம் கழிக்கப்படும்; ஆனால் தனியார் ஓய்வூதியத் திட்டத்தில் பணம் போடுபவர் அதைத் தாமாகவே தெரிவிக்கவேண்டும்.

வீட்டுக் கடன், வாடகை, வங்கிக் கடன் ஆகியவை இந்தச் சூத்திரத்துக்குள் வருவதில்லை. யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ உள்ள பெற்றோருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணமும் கழிக்கப்படுவதில்லை. பணம் பெறுபவர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதும் கேட்கப்படுவதில்லை. செலுத்துபவர்கள் மத்தியில் நீண்டகாலமாகவே மனக்குறையை ஏற்படுத்திவரும் அம்சம் இது.

இருபத்தைந்து சதவீதம் என்ற வாசல்

சூத்திரம் எளிமையானது. சிக்கல் அதன் காலக் கணக்கில்தான் இருக்கிறது.

வருவாய்த் துறையிடமிருந்து வரும் எண் கடந்துபோன ஆண்டுக்குரியது. இன்றைய வருமானம் அதிலிருந்து 25 சதவீதமோ அதற்கு மேலோ வேறுபட்டால் மட்டுமே, இன்றைய வருமானத்தின் அடிப்படையில் தொகை மாற்றப்படும். அதற்குக் குறைவான ஏற்ற இறக்கம் எதுவும் அடுத்த ஆண்டு மறுகணக்கு வரை கண்டுகொள்ளப்படாது. ஒவ்வொரு சிறிய மாற்றத்துக்கும் கோப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்ததே பழைய அமைப்பைத் திணறடித்தது என்ற அனுபவத்தில் பிறந்த விதி இது. நிர்வாகத்துக்கு அது வசதியானது என்பதை மறுப்பதற்கில்லை. குடும்பங்களுக்கும் வசதியானதா என்பது வேறு கேள்வி.

ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். இரண்டு பிள்ளைகளின் தந்தை ஒருவர் ஆண்டுக்கு 36,400 பவுண்டுகள், அதாவது வாரத்துக்கு 700 பவுண்டுகள், ஈட்டிவந்தார் என்று கொள்வோம். அவர் செலுத்தவேண்டியது வாரத்துக்கு 112 பவுண்டுகள். அவருடைய நிறுவனம் ஆட்குறைப்புச் செய்கிறது. வேறிடத்தில் ஆண்டுக்கு 26,000 பவுண்டுகளுக்கு, அதாவது வாரம் 500 பவுண்டுகளுக்கு, வேலை கிடைக்கிறது. வீழ்ச்சி 28 சதவீதத்துக்கும் மேல். ஆகவே வாசலைத் தாண்டிவிட்டார். சம்பளச் சீட்டுகளோடு அலுவலகத்துக்குத் தெரிவித்தால் தொகை 80 பவுண்டுகளாகக் குறையும்.

புதிய வேலையில் அவருக்கு வாரம் 540 பவுண்டுகள் கிடைத்திருந்தால் கதை வேறு. வீழ்ச்சி ஏறத்தாழ 23 சதவீதம்தான். அவர் அன்றைக்கே தொலைபேசியில் அழைத்துச் சொன்னாலும் 112 பவுண்டுகளையே தொடர்ந்து செலுத்தவேண்டும். உண்மை வருமானத்தின்படி கணக்கிட்டால் அது 86 பவுண்டுகள் 40 பென்ஸாகத்தான் இருந்திருக்கும்.

அவர் எவ்வளவு காலம் காத்திருக்க நேரிடும் என்பது பலர் எண்ணிப்பார்க்காத விடயம். வேலை மாறியது 2023 ஜூனில் என்றும், ஆண்டு மறுகணக்கு பிப்ரவரியில் வரும் என்றும் வைத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரியில் அலுவலகம் எடுத்துப் பார்ப்பது 2023 ஏப்ரல் 5ஆம் தேதியுடன் முடிந்த வரியாண்டை. அதில் பழைய சம்பளம்தான் இருக்கும். ஆக, 2025 பிப்ரவரி வரை, ஏறக்குறைய 87 வாரங்களுக்கு, வாரம் 25 பவுண்டுகள் 60 பென்ஸ் வீதம் அவர் அதிகமாகச் செலுத்தியிருப்பார். மொத்தம் 2,200 பவுண்டுகளுக்கும் மேல். அப்போது எடுக்கப்படும் ஆண்டிலும்கூட முதல் இரண்டு மாதங்கள் பழைய சம்பளத்துக்குரியவையே. இதில் அவர் எந்தத் தவறும் செய்யவில்லை, எதையும் மறைக்கவுமில்லை.

கடை, பெட்ரோல் நிலையம், முதியோர் இல்லம் போன்ற இடங்களில் மணிக்கணக்கில் ஊதியம் பெறுபவர்களை இந்த விதி அதிகம் பாதிக்கிறது. இரவு நேரப் பணி குறைந்தாலோ, மேலதிக நேர வேலை நின்றுவிட்டாலோ வருமானம் ஐந்தில் ஒரு பங்கு சரிவது அவர்களுக்குச் சாதாரணம். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு என்பது 20 சதவீதம்தான்.

அறிவித்த நாளே தொடக்க நாள்

வாசலைத் தாண்டியவருக்கும் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. வருமானத்தில் ஏற்பட்ட மாற்றத்தைச் செலுத்துபவர் தெரிவிக்கும்போது, புதிய தொகை அவர் தெரிவித்த நாளிலிருந்தே நடைமுறைக்கு வருகிறது. வருமானம் உண்மையில் குறைந்த நாளிலிருந்து அல்ல.

மேற்சொன்ன தந்தை, வாரம் 500 பவுண்டுகள் வேலைக்கு மாறிய பின்னர் எட்டு மாதங்கள், ஏறத்தாழ 35 வாரங்கள், எதையும் சொல்லாமல் 112 பவுண்டுகளையே செலுத்திவந்தார் என்று வைத்துக்கொள்வோம். வேலையிழந்த சங்கடம் காரணமாக இருக்கலாம். விரைவில் நல்ல வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். பிள்ளைகளின் பணத்தில் கை வைக்கிறான் என்ற பேச்சு உறவினரிடையே வந்துவிடக்கூடாது என்ற தயக்கமாகவும் இருக்கலாம். எட்டு மாதங்கள் கழித்து அவர் அறிவிக்கும்போது, வாரம் 32 பவுண்டுகள் வீதம் 1,120 பவுண்டுகள் கூடுதலாகச் சென்றிருக்கும்.

அந்தப் பணத்தை அவர் திரும்பக் கேட்க முடியாது. அந்த 35 வாரங்களுக்கும் உரிய சட்டபூர்வமான தீர்மானம் 112 பவுண்டுகள் என்றே இருந்தது. அந்தத் தீர்மானம் பின்னர் புதிய தீர்மானத்தால் மாற்றப்பட்டதே தவிர, தவறென்று அறிவிக்கப்படவில்லை. எனவே செலுத்தியது அனைத்தும் செலுத்தவேண்டியதே.

இந்த விதிக்கு ஆதரவான வாதமும் வலுவானது. பணம் பெறும் தாய் அந்தத் தொகையை நம்பி வாடகை கட்டியிருப்பார். பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கியிருப்பார். பள்ளிப் பேருந்துக்குக் கொடுத்திருப்பார். எட்டு மாதங்களுக்கு முன்பே வருமானம் குறைந்துவிட்டது, ஆகவே 1,120 பவுண்டுகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவரிடம் ஒரு நாள் கேட்பது, அவருக்குத் தெரியாமல் நடந்த ஒன்றுக்கு அவரைப் பொறுப்பாக்குவதாகும். தகவல் யாரிடம் இருந்ததோ, தாமதத்தின் விலையையும் அவரே ஏற்கவேண்டும் என்பது சட்டத்தின் நிலைப்பாடு.

வருமானம் கூடினால்?

எதிர்த்திசையில் விதி அத்தனை சீராக இல்லை.

செலுத்துபவரின் தொகை வருவாய்த் துறையின் பழைய ஆண்டு விவரத்தின் அடிப்படையில் கணக்கிடப்பட்டிருந்தால், சம்பளம் உயர்ந்ததை அவர் தெரிவிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. அடுத்த மறுகணக்கில் அது தெரியவரும். ஆனால் அவர் ஏற்கனவே வருமானம் குறைந்ததைக் காட்டி, நடப்பு வருமானத்தின் அடிப்படையில் தொகையைக் குறைத்துக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. அதன் பின்னர் வருமானம் 25 சதவீதமோ அதற்கு மேலோ உயர்ந்தால் அதை அறிவிப்பது அவருடைய சட்டபூர்வமான கடமை. அறிவிக்கத் தவறுவது குற்றம்; 1,000 பவுண்டுகள் வரை அபராதம் விதிக்கப்படலாம்.

சலுகையைக் கேட்டுப் பெற்றவர், அந்தச் சலுகைக்கான காரணம் நீங்கியதும் வந்து சொல்லவேண்டும் என்பதே இதன் தர்க்கம். வேலையிழந்த காலத்தில் நேர்மையாக அறிவித்து, பின்னர் நல்ல வேலை கிடைத்த மகிழ்ச்சியில் அறிவிக்க மறந்துவிடுபவர்களே இந்த வலையில் சிக்குகிறார்கள்.

பணம் பெறுபவரும் மாற்றத்தைத் தெரிவிக்கலாம். முன்னாள் கணவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருப்பது தெரிந்தால், நடப்பு வருமானத்தைப் பார்க்கும்படி அலுவலகத்தைக் கேட்கலாம். ஆனால் அங்கும் அதே 25 சதவீத வாசல் உண்டு. வாரம் 700 பவுண்டுகள் ஈட்டிவந்தவர் 860 பவுண்டுகள் ஈட்டத் தொடங்கினால், சூத்திரத்தின்படி இரு பிள்ளைகளுக்கு 135 பவுண்டுகள் 20 பென்ஸ் கிடைக்கவேண்டும். உயர்வு 23 சதவீதத்துக்குச் சற்றே குறைவு என்பதால் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து 112 பவுண்டுகளே கிடைக்கும். செலுத்துபவருக்குப் பாதகமான விதி, இன்னொரு வீட்டில் பெறுபவருக்குப் பாதகமாக இருக்கிறது.

சுயதொழில் செய்பவர்கள் விடயத்தில் பெறுபவரின் நிலை இன்னும் கடினம். கணக்கில் வருவது வரிக்குரிய இலாபம் மட்டுமே. அந்த இலாபத்தைக் கணக்காளர் எவ்வாறு காட்டுகிறார் என்பதைப் பொறுத்தே பிள்ளையின் பங்கும் அமைகிறது.

உண்மையிலேயே கூடுதலாகச் செலுத்தியது எப்போது?

திரும்பப் பெறக்கூடிய கூடுதல் பணம் என்று ஒன்று இல்லாமல் இல்லை. தீர்மானமே தொடக்கத்திலிருந்து தவறானது என்று திருத்தப்பட்டால் அது உருவாகிறது. வருவாய்த் துறையின் எண் பிழையாக இருந்தது, வேறொருவரின் வருமானம் சேர்க்கப்பட்டிருந்தது, இரவுகளின் எண்ணிக்கை தவறாகப் பதிவானது என்பன போன்ற காரணங்களால் மறுபரிசீலனையிலோ மேன்முறையீட்டிலோ வெற்றி கிடைத்தால், திருத்தம் அந்தத் தீர்மானம் தொடங்கிய நாளிலிருந்தே செல்லுபடியாகும். மரபணுப் பரிசோதனையில் தந்தை அவரல்ல என்று தெரியவந்தால் கணக்கு முழுவதுமே ரத்தாகலாம்.

பிள்ளைக்குரிய வயது முடிந்த பின்னரும் பணம் போய்க்கொண்டிருப்பது இன்னொரு வகை. பராமரிப்புத் தொகை 16 வயது வரைக்கும், பள்ளிப் படிப்போ அதற்கு இணையான முழுநேரக் கல்வியோ தொடர்ந்தால் 20 வயதை எட்டும் வரைக்கும் உரியது. பல்கலைக்கழகக் கல்வி இதில் அடங்காது. பிள்ளையின் பட்டப்படிப்பைத் தம் கடமையாகக் கருதும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம். வங்கியில் கொடுத்துவைத்த நிரந்தரக் கட்டளையை நிறுத்த மறந்து, பிள்ளை பல்கலைக்கழக விடுதிக்குச் சென்ற பின்னரும் தாயின் கணக்குக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டதையோ வீட்டை விட்டுச் சென்றுவிட்டதையோ தெரிவிக்கவேண்டியவர் இங்கே பணம் பெறுபவர்.

கூடுதல் பணம் உருவானது உறுதியானால் அலுவலகம் செய்வது என்ன? முதலில், செலுத்துபவருக்குப் பழைய நிலுவை ஏதேனும் இருந்தால் அதில் கழிக்கும். இல்லாவிட்டால் வருங்காலத் தொகையைச் சிறிது சிறிதாகக் குறைத்து ஈடுசெய்யும். இரு வீட்டாரின் நிலைமையையும் பிள்ளையின் நலனையும் பார்த்தே குறைப்பின் அளவு முடிவாகும். வருங்காலத் தொகையே இல்லை, கணக்கு முடிந்துவிட்டது என்றால், அரசே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெறுபவரிடமிருந்து வசூலிக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அது அதிகாரிகளின் விருப்புரிமைக்கு உட்பட்டது.

இதில் செலுத்துபவர்கள் செய்யும் பெரிய தவறு, தாமே கழித்துக்கொள்வது. 600 பவுண்டுகள் அதிகமாகக் கொடுத்துவிட்டேன், ஆகவே இரண்டு மாதங்கள் அனுப்பமாட்டேன் என்று ஒருவர் நிறுத்திவிட்டால், அலுவலகத்தின் பதிவேட்டில் அவர் நிலுவைக்காரர். சம்பளத்திலிருந்து நேரடியாகப் பிடித்தம் செய்யும்படி அவருடைய முதலாளிக்கு உத்தரவு போகலாம். நிகரச் சம்பளத்தில் 40 சதவீதம் வரை அவ்வாறு பிடிக்க முடியும்.

அலுவலகமே வசூலித்துக் கொடுக்கும் முறைக்கு மாற்றப்பட்டால் செலவும் கூடும். செலுத்துபவரிடம் 20 சதவீதம் கூடுதலாக வாங்கப்படும். பெறுபவரின் தொகையில் 4 சதவீதம் கழிக்கப்படும். வாரம் 80 பவுண்டுகள் என்ற தொகைக்குத் தந்தை 96 பவுண்டுகள் கொடுக்க, தாயின் கைக்கு 76 பவுண்டுகள் 80 பென்ஸ் வந்துசேரும். இடையில் உள்ள 19 பவுண்டுகள் 20 பென்ஸ் பிள்ளைக்குப் போவதில்லை. 2014இல் அறிமுகமான இந்தக் கட்டணங்களைக் குறைத்து, பெற்றோர் தமக்குள் நேரடியாகச் செலுத்திக்கொள்ளும் முறையை நீக்கி, அனைத்தையும் அலுவலகத்தின் வழியே கொண்டுவரும் திட்டத்தைப் பிரிட்டிஷ் அரசு 2025 ஜூனில் அறிவித்தது. அதற்குச் சட்டம் இயற்றப்படவேண்டும்.

பிள்ளைகளின் பள்ளிச் சுற்றுலா, நடன வகுப்பு, புத்தாடை ஆகியவற்றுக்குச் செலவிட்டதைக் கணக்கில் சேர்க்கும்படி கேட்பவர்களும் உண்டு. பராமரிப்புத் தொகைக்குப் பதிலாகத்தான் தரப்படுகிறது என்று பெறுபவரும் ஒப்புக்கொண்ட வாடகை, வீட்டுக் கடன், மின்சாரம், எரிவாயு போன்ற வீட்டுச் செலவுகள் மட்டுமே பொதுவாக ஏற்கப்படும். மற்றவை அன்பளிப்பாகவே கருதப்படும்.

முப்பது நாட்கள்

அலுவலகத்தின் தீர்மானம் தவறென்று கருதுபவர், கடிதத் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் மறுபரிசீலனை கோரவேண்டும். அதன் பின்னரே சுயாதீனத் தீர்ப்பாயத்திடம் மேன்முறையீடு செய்ய முடியும். அதற்கு ஒரு மாத அவகாசம். ஆண்டு மறுகணக்குக் கடிதத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுபவர்கள் இழப்பது இந்த 30 நாட்களைத்தான். அந்தக் கடிதத்தில் எந்த வரியாண்டின் எந்த வருமானம் எடுக்கப்பட்டது என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கும்.

வருமான மாற்றத்தைத் தொலைபேசியில் சொல்பவர்கள் நாளையும் நேரத்தையும் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. இணையத்தில் உள்ள தனிக் கணக்கின் வழியே அறிவித்தால் தேதி தானாகவே பதிவாகும். சொன்ன நாளே தொடக்க நாள் என்னும்போது, சொன்னதற்கான சான்று பணத்துக்குச் சமம்.

கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும்

தமிழர்கள் பெருமளவில் வாழும் மற்ற இரு நாடுகளில் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது.

கனடாவில் தொகையை நிர்ணயிப்பது பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவோ ஒப்பந்தமோதான். அளவை 1997இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி வழிகாட்டி அட்டவணைகள் காட்டுகின்றன. ஒன்ராறியோவில் பணத்தை வசூலிக்கும் குடும்பப் பொறுப்பு அலுவலகத்துக்கு அந்தத் தொகையை மாற்றும் அதிகாரம் இல்லை. வேலை போய்விட்டது என்று அந்த அலுவலகத்திடம் எத்தனை முறை சொன்னாலும் உத்தரவு மாறாது. நிலுவை ஏறிக்கொண்டே போகும்.

2021 ஜூனில் கனடிய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்றில், இரு மகள்களின் தந்தை ஒருவர் தம் வருமானம் குறைந்திருந்த காலத்தைக் காட்டி, பல ஆண்டுகளில் சேர்ந்த சுமார் 170,000 டாலர் நிலுவையைக் குறைக்கும்படி கேட்டிருந்தார். வருமானம் குறைந்ததற்கான ஆவணங்களை அவர் உரிய காலத்தில் கொடுத்திருக்கவில்லை. நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை நிராகரித்தது. மாற்றத்தை ஆதாரங்களோடு மற்றவருக்குத் தெரிவித்த நாளிலிருந்தே குறைப்பை எதிர்பார்க்கலாம். அதிலும் முறையான அறிவிப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு அப்பால் செல்வது விதிவிலக்கானது என்பது அத்தீர்ப்பின் சாரம். பிரிட்டனின் விதியைவிடச் சற்றுத் தாராளமானது என்றாலும், சொல்லாமல் இருந்தவருக்கு இங்கும் இடமில்லை.

ஆஸ்திரேலியாவின் சூத்திரம் 2008 ஜூலை முதல் பெற்றோர் இருவரின் வருமானத்தையும் கணக்கில் எடுக்கிறது. ஒருவரின் வருமானம் 15 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால், நடப்பு ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீட்டை அவர் சமர்ப்பிக்கலாம். ஆண்டு முடிந்ததும் அந்த மதிப்பீடு உண்மை வருமானத்தோடு ஒப்பிடப்பட்டு, குறைத்துச் சொல்லியிருந்தால் வித்தியாசம் கடனாக எழுதப்படும். பிரிட்டனில் இல்லாத இந்தப் பின்கணக்கு நியாயமாகத் தோன்றினாலும் அதற்கும் விலை உண்டு. பெறுபவருக்கு அரசு வழங்கும் குடும்ப உதவித்தொகை, அவருக்குக் கிடைக்கும் பராமரிப்புத் தொகையைப் பொறுத்து மாறுவதால், ஒருவரின் திருத்தம் மற்றவரின் உதவித்தொகைக் கணக்கையும் கலைத்துவிடுகிறது. பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் என்னும் உதவித்தொகை பெறும் தாய்மாருக்கு அந்தக் கவலை இல்லை; பராமரிப்புத் தொகை அங்கு வருமானமாகக் கருதப்படுவதில்லை.

நாடு விட்டு நாடு மாறும் குடும்பங்கள் கவனிக்கவேண்டியது இன்னொன்று. பிரிட்டனின் பிள்ளைப் பராமரிப்புச் சேவைக்கு அதிகாரம் இருப்பது, பெற்றோர் இருவரும் பிள்ளையும் வழக்கமாக பிரிட்டனில் வசிக்கும்போதுதான். வெளிநாட்டில் இருந்தாலும் பிரிட்டனைத் தளமாகக் கொண்ட நிறுவனத்தில் பணியாற்றும் செலுத்துபவர் இதற்கு விதிவிலக்கு. லண்டனிலிருந்து தாயும் பிள்ளைகளும் டொரொன்டோவுக்குக் குடிபெயர்ந்துவிட்டால் இங்குள்ள கணக்கு மூடப்பட்டு, பழைய நிலுவை மட்டுமே எஞ்சும். புதிய தொகைக்குக் கனடிய நீதிமன்றத்தையே நாடவேண்டியிருக்கும். அங்கே தந்தையிடம் கேட்கப்படும் முதல் ஆவணங்களில் கடந்த மூன்று ஆண்டுகளின் வருமான வரி விவரமும் ஒன்று.